ஏ சைடு முடிகிறவரை

அந்த ஆல்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உடனே போனை எடுத்துத் தேடிப் போடுவீர்கள், இரண்டு நிமிஷம் கேட்பீர்கள், "என்னய்யா இது, பாட்டே ஆரம்பிக்க மாட்டேங்குது" என்று நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவீர்கள். நாற்பது வருஷமாக இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனிமேலும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

விஷயம் இவ்வளவுதான். எழுபதுகளில் இங்கிலாந்துக்காரர்கள் சிலர் சேர்ந்து போட்ட ஒரு ராக் இசைத்தட்டு. அதன் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். ராக்கில் புரோகிரெசிவ் என்று ஒரு வகை உண்டு, அதில் இப்படி நீட்டி முழக்குவதுதான் வழக்கம் என்பதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அது என் கைக்கு வந்தபோது கேசட் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் "இங்கிலீஷ் லாங்" என்று மட்டும் எழுதியிருந்தது.

அப்போது நான் விழுப்புரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு திண்டிவனம். காலையில் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். வரும்போது முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாசனை பெட்டிக்குள் ஏறினால் விக்கிரவாண்டி தாண்டியும் இறங்காது. ஜங்ஷனுக்கு எதிர்ச்சந்தில் ஒரு ரிக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்று கேசட்டைக் கொடுத்து வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்பார்கள். ஒரு வாரம் என்பார்கள், ஒரு மாசம் இழுப்பார்கள். நான் கேட்டிருந்தது சினிமாக் காதல் பாட்டுகள். அந்த வயதில் வேறு எதைக் கேட்பான் ஒருத்தன்? ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், ஒரே டிரம், ஒரே கிடார், ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். பாடுகிறவர் எப்போது வருவார் என்றே தெரியவில்லை. கேசட் மாறிப்போயிருந்தது.

மறுநாள் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். புதுச்சேரிப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் இசைத்தட்டுகளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அதில் ஒன்றை யாரோ பதியச் சொல்லிவிட்டு வாங்க வரவேயில்லை. அந்தக் கேசட்தான் எனக்கு வந்துவிட்டது. கொடுங்கள், அழித்துவிட்டு உங்கள் பாட்டையே போட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினார். நான் கேசட்டைப் பையிலிருந்து எடுத்தேன். எடுத்தவன் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டேன். இருக்கட்டும் என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முந்தின நாள் எழுந்துபோய் நிறுத்தச் சோம்பல்பட்டு அதை ஓடவிட்டிருந்தேன். பாட்டின் நடுவில், அத்தனை கூச்சலும் ஓய்ந்து, ஒரு ஆர்கன் மட்டும் வந்தது. தேவாலயங்களில் குழாய் குழாயாக நிற்குமே, அந்த மாதிரி பெரிய ஆர்கன். எல்லாரும் கத்தி ஓய்ந்த வீட்டில் ஒருத்தர் மட்டும் எழுந்து விளக்கேற்றுகிற மாதிரி இருந்தது. வாரம் தவறாமல் பூசை கேட்டு வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை நான். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீதி டேப்பை வெறுமனே விட்டால் கஸ்டமர் சண்டைக்கு வருவார் என்பது எங்கள் பக்கத்து ரிக்கார்டிங் சென்டர்களின் வேதம். இடம் மிஞ்சினால் கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். இது ஆடி மாசத்தில் பதிந்தது போலிருக்கிறது. ஆங்கிலப் பாட்டு முடிந்து மூச்சு விடுவதற்குள் உடுக்கையும் பம்பையும் அதிர, ஒரு மாரியம்மன் பாட்டு. ஒரு அம்மாள் ஆத்தாளை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஆத்தாள் வருவதற்குள் டேப் தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். முதல்முறை அது எங்கள் வீட்டில் ஒலித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, மாதா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொஞ்சநாளில் அந்த ஏ சைடு எனக்கு மனப்பாடம். அப்போதுதான் பேஜாரு ஆரம்பித்தது. இதை இன்னொருத்தரோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நல்ல சினிமாவைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தவனின் அவஸ்தை இது. பாராட்ட வேண்டாம், புரியக்கூட வேண்டாம். ஒரே ஒரு ஆள், ஏ சைடு முடிகிறவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒருத்தரும் உட்காரவில்லை. தெருவில் என் நண்பன் ஒருவன் டிரம் தொடங்கியதும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனான், அந்த டீயை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறான். கல்லூரியில் ஒருத்தன், எப்போதும் இங்கிலீஷ் பாட்டைப் பற்றியே அளப்பவன், அவனை ரயிலில் டிக்கெட் எடுத்துத் திண்டிவனம் வரை அழைத்துவந்தேன். இதற்கு ஆட முடியாதே என்று கைவிரித்துவிட்டு, அம்மா வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையைத் தின்றுவிட்டுக் கிளம்பினான். அம்மா மட்டும் பாவம், முறத்தோடு வந்து உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கியபடியே பொறுமையாகக் கேட்டார். பாதி ஓடிய பிறகு, "எப்படா பாட்டு ஆரம்பிக்கும்?" என்றார். இதுதான்மா பாட்டு என்றேன். "அப்டியா, சரி" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எரிச்சலில் ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். ஃபார்வர்டு பட்டனை அழுத்தி நேராக ஆர்கனுக்கே போய், அதை மட்டும் ஒருத்தருக்குப் போட்டுக் காட்டினேன். சப்பென்று இருந்தது. எனக்கே இருந்தது. அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. அந்த ஆர்கன் தன்னளவில் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் வருகிற கூச்சலையெல்லாம் பட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தவனுக்குத்தான் அது ஆர்கன். பசிக்காதவனுக்கு விருந்து போட்டு என்ன ஆகப்போகிறது? அந்த ஆல்பம் இத்தனை காலம் செத்துப்போகாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். அது நம்மைக் காக்க வைக்கிறது. காத்திருந்து பெற்றதை மனுஷன் லேசில் விடமாட்டான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று பார்த்து, ஆள் சேர்க்க "விழுப்புரம் விழுப்புரம்" என்று தொண்டை கிழியக் கத்தி, நேரம் வந்ததும் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். இரண்டு தட்டு என்றால் ரைட், கிளம்பு என்று அர்த்தம். டிரைவர்கள் அந்தத் தட்டுக்கு மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தொண்டையை வைத்துக்கொண்டு எங்கள் கோயிலில் பாடற்குழுவை நடத்தினார். காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியத்தில் நான் உட்காருவேன். பூசையில் காணிக்கைப் பாட்டு, சாமியார் பீடத்தில் கை கழுவி முடிக்கிற நேரத்தில் முடிய வேண்டும். ஒரு சரணம் கூடினாலும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

இப்பேர்ப்பட்டவரிடம் இருபது நிமிஷப் பாட்டைக் கேட்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவர் விடியலுக்கு முன்பே டியூட்டிக்குப் போய் மதியம் வந்து படுப்பார். நான் சாயங்காலம் வந்து அடுத்த அறையில் டேப்பைப் போடுவேன். ஓட்டு வீடு, நடுச்சுவர் கூரைவரை போகாது. சத்தம் மேலேறி அந்தப் பக்கம் இறங்கும். ஒரே ஒருமுறை எழுந்து வந்து, "இந்த ஒரு பாட்டு முடியறதுக்குள்ள பஸ்ஸு கூட்டேரிப்பட்டு போயிடும்டா" என்றார். கூட்டேரிப்பட்டு விழுப்புரம் ரோட்டில் மயிலத்துக்குப் பிரிகிற இடம். திட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்தேன்.

பிறகு ஒரு அடக்கப் பூசை. பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்ற ஒரு அம்மாள் இறந்துபோயிருந்தார். வேலை நாள், பாடற்குழுவில் யாரும் வரவில்லை. அப்பா வந்தார், ஆனால் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நற்கருணை கொடுத்து முடிந்து, ஜனங்கள் வரிசையாக வந்து சவப்பெட்டியைத் தொட்டுக் கும்பிடுகிற நேரம். பாட ஆளில்லை, ஏதாவது வாசிக்க வேண்டும். அப்பா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். என் கை தானாக அந்த ஆர்கன் பகுதிக்குப் போய்விட்டது. யோசித்துச் செய்ததில்லை. எங்கள் ஆர்மோனியத்தில் ரெண்டு கட்டை சரியாகப் பேசாது, அதைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வாசித்தேன். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளின் மகள் உடைந்து அழுதாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். முதல் பாதியை இவர்களுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதை வீட்டிலேயே பட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் அது என்ன பாட்டு என்று கேட்டாள். வெளிநாட்டுப் பாட்டு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. அடுத்த சாவு வீட்டில் "அந்தப் பாட்டு" வேண்டும் என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும் கேட்டார்கள். அது லத்தீன் பாட்டு என்று பேச்சு பரவியது. சர்ச் தெருவில் ஒரு பெரியவர் ஒரு படி மேலே போய், தன் சின்ன வயதில் பிரெஞ்சு சாமியார் இதையேதான் பாடுவார், தான் பக்கத்தில் நின்று கேட்டதாகச் சத்தியம் செய்தார். அவருடைய சின்ன வயதில் அந்தப் பாட்டை வாசித்தவர்களின் அப்பன்களே பிறந்திருக்க மாட்டார்கள். சிரித்துக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் முழுப் பொய் சொல்லவில்லை. நல்ல பாட்டு முதல்முறை கேட்கும்போதே எப்போதோ கேட்டது போலத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் எங்கள் பங்குச் சாமியார் பூசைக்குப் பிறகு என்னை நிறுத்தி, அந்தப் பாட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? "இங்கிலீஷ் லாங்" என்றா சொல்வது? நான் விழித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் நின்ற அப்பா முந்திக்கொண்டு, "அது நம்ம கோயில் பாட்டுங்க சாமி" என்றார். சாமியார் சந்தோஷமாகப் போய்விட்டார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார். ஊரே அந்தப் பாட்டைக் கேட்டு அழுகிறது, ஆனால் ஏ சைடு முடிகிறவரை என்னோடு உட்கார ஒரு ஆள் அப்போதும் கிடையாது. ஒரு துண்டைக் கேட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டதாக நினைக்கிறார்களே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அப்பாவின் தொண்டைக்கட்டு ஆறாமலே போனது. சுடுதண்ணீர், மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாகிவிட்டது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது உள்ளே கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல் திரும்பி வருமா என்பதைச் சொல்ல முடியாது என்றார்கள். கத்தியும் பாடியும் வாழ்ந்த மனுஷன். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் மதியம். அம்மா துண்டு, தம்ளர், ஜெபமாலை என்று பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அப்பா என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, எதையாவது போடேன் என்று டேப்ரெக்கார்டரைக் காட்டினார். நான் ஞானப்பாட்டுக் கேசட்டைத் தேடி எடுத்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"அது வாணாம்டா. உன்னுது போடு. கூட்டேரிப்பட்டு வரைக்கும் போவுமே, அது."

போட்டேன். டிரம் தொடங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கரகரத்த அந்தக் குரலிலேயே, பாட்டு ஓட ஓடப் பேசினார்.

"இது ஸ்டாண்டு. ஜனம் அடிச்சிக்கினு ஏறுது பாரு. ஏறு ஏறுன்றான், எடுக்க மாட்டேன்றான்." கொஞ்சம் பொறுத்து, கிடார் வேகமெடுத்ததும், "ஜக்காம்பேட்ட தாண்டிட்டான்" என்றார். ஆர்கன் வந்தபோது குரலைத் தாழ்த்தினார். "ஏரிக்கரை. இங்கதான் காத்து வரும். தூங்கறவன் தூங்குவான்."

அந்தப் பாட்டில் எது எங்கே வரும் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். இவர் அதற்கு ரோடே போட்டு வைத்திருக்கிறார். எப்போது கேட்டீர்கள் என்றேன். நடுச்சுவரைக் காட்டினார். நீ அந்தாண்ட போட்டுக்கினு இருப்பாய், நான் இந்தாண்ட படுத்துக்கினு கேட்பேன், அது கூட்டேரிப்பட்டு சேர்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்றார். அப்படியானால் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"ஊர்ல இருக்கறவன எல்லாம் கூப்ட்ட. என்னைய கூப்டலியே நீ."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் லேட் என்று பிரயாணிகளிடம் சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூச்சல் வந்து, ஏறி, அடங்கி, ஆங்கிலப் பாட்டு முடிந்தது. உடனே உடுக்கை. அப்பா கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது.

"வந்தா பாரு. எங்க எங்கியோ சுத்திட்டு, கடைசில மாரியாத்தாகிட்ட வந்து நிக்கறான் வெள்ளக்காரன். அங்கதான்டா எனக்கு அவன்மேல ஒரு மரியாத வந்துது."

அது கடைக்காரர் இடம் நிரப்பப் போட்டது என்று நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் சொல்லவில்லை. இப்போது அந்த ஆல்பம் போனில் சுத்தமாகக் கிடைக்கிறது, பெயரும் தெரியும், படித்தவர்கள் அதைப் பற்றி எழுதியிருப்பதும் தெரியும். ஏ சைடு முடிந்ததும் அதில் வெறும் அமைதிதான். எனக்கோ ஏதோ குறைகிறது. அந்த வெள்ளைக்காரர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று தோன்றும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் வரவில்லை. பக்கத்தில் காதை வைத்தால் மட்டும் கேட்கிற காற்று மாதிரி ஒன்று மிஞ்சியது. பஸ் ஸ்டாண்டு வேலையை விட்டார், பாடற்குழுவை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அந்த மதியம் பேசியதுதான் அவர் தன் குரலில் என்னிடம் நீளமாகப் பேசிய கடைசிப் பேச்சு.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் அவர் எப்போதும்போலச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தார். நான் வாசலில் நின்றேன். "அப்பா, பாட்டு போடப் போறேன். வாங்க" என்றேன். ஐந்தே வார்த்தை, இத்தனை வருஷம் சொல்லாதது. எழுந்து வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். கேசட்டைப் போட்டுவிட்டுப் பட்டனில் விரலை வைத்தபடி அவரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையை நீட்டி டேப்ரெக்கார்டரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். நான் அழுத்தினேன்.